மெகா ரேக்வாசாவைத் தடை செய்யத்தான் வேண்டும்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் எட்டுப் பையன்கள் கூடுகிறார்கள். என் அண்ணன் மகனும் அவன் நண்பர்களும். கையில் செல்பேசி, அதில் போகிமான் என்னும் கற்பனை உயிரினங்களை மோதவிடும் போகிமான் ஷோடவுன் என்ற ஆட்டம். ஆளுக்கு ஆறு போகிமான், எதற்கும் தடை இல்லை என்பதுதான் அவர்கள் தொடக்கத்தில் வைத்துக்கொண்ட விதி. போன வாரம் அதுவே பெரிய சண்டையாகிவிட்டது. "சித்தப்பா, நீங்களே சொல்லுங்கள், மெகா ரேக்வாசாவைத் தடை செய்யலாமா, கூடாதா?" என்று என் முன்னால் வந்து நின்றான் அண்ணன் மகன். ரேக்வாசா ஒரு டிராகன் போகிமான்; மோதலின் நடுவே இன்னும் பலமான வடிவத்துக்கு மாறினால் அது மெகா ரேக்வாசா. தடை செய்யத்தான் வேண்டும் என்றேன். இரண்டு பையன்கள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எட்டுப் பேரும் தங்கள் அணியைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார்கள். முதல் வாரம் அவற்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒருவனிடம் ஜெங்கார், ஒருவனிடம் டைரனிடார், எல்லோரிலும் சின்னவனிடம் காளான் தலை வைத்த ப்ரெலூம். ஒரே பெயர் இரண்டு நோட்டில் வருவதே அரிதாக இருந்தது. நான்காம் வாரம் எட்டு நோட்டிலும் முதல் வரி ரேக்வாசா. மீதி ஐந்தும் அதற்கு எடுபிடிகள்: ஒன்று எதிரியின் ரேக்வாசாவைத் தடுக்க, மற்றொன்று தன் ரேக்வாசாவுக்கு வழி திறந்துவிட. சின்னவன் ப்ரெலூமை நீலப் பேனாவால் அடித்திருந்தான். அடித்த பிறகும் எழுத்து தெரிந்தது.

சாதாரண ரேக்வாசாவே பலசாலி. அதன் ஆறு திறன் எண்களையும் கூட்டினால் 680. மெகா ஆனதும் 780. மெகா மியூடூவுக்கும் அதே 780தான் என்பதால் கூட்டுத்தொகையை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். மற்ற போகிமான் மெகாவாக மாற அதற்குரிய கல்லைச் சுமந்து வர வேண்டும். வேறு எந்தப் பொருளையும் எடுத்துவர முடியாது. பலத்துக்குக் கொடுக்கும் விலை அது. ரேக்வாசாவுக்கோ கல்லே வேண்டாம். டிராகன் அசென்ட் என்ற தாக்குதலைக் கற்றிருந்தால் போதும். காலியாக இருக்கும் கையில் லைஃப் ஆர்பைக் கொடுத்தால் அடி 30 சதவீதம் கூடுகிறது. நேரடித் தாக்குதலும் 180, சிறப்புத் தாக்குதலும் 180. எந்தப் பக்கமிருந்து அடி விழும் என்று ஊகித்து ஒன்றை எதிரே நிறுத்துவதற்குள் பாதி அணி போய்விடும். பனித் தாக்குதல்தான் அதற்குப் பரம எதிரி, நான்கு மடங்கு வலிக்க வேண்டும். மெகா ஆனதும் அது எழுப்பும் காற்று அந்த நான்கையும் இரண்டாக்கிவிடுகிறது.

ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபயர் ஆட்டங்களோடு 2014 நவம்பரில் வந்தது இது. போட்டி ஆட்டத்துக்கு விதி வகுக்கும் ரசிகர் அமைப்பான ஸ்மோகனில் ஊபர்ஸ் என்றொரு பிரிவு உண்டு. மற்ற இடங்களில் அடக்க முடியாதவை எல்லாம் மோதிக்கொள்ளும் களம். அந்தக் களத்திலிருந்தே மெகா ரேக்வாசாவை வெளியேற்றினார்கள். அது ஆடுவதற்கென்று எனிதிங் கோஸ் என்ற தனிப் பிரிவே பிறந்தது.

வடசென்னையில் இதை விளக்கக் கேரம் ஒன்று போதும். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண். கேரம் விதிப்படி ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, உலோகத்தில் இருக்கவும் கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனை மன்றத்துக்கு ஒருவர் பித்தளை ஸ்டிரைக்கர் கொண்டுவந்தார். முதல் அடியிலேயே ரெட் எகிறிப்போய்ப் பவுடர் டப்பாவருகே விழுந்தது. கோணம் பார்த்து மெல்லத் தட்டிக் காய் எடுக்கும் பெரியவர் ஒருவர் பேசாமல் எழுந்து வெளியே போனார். அத்தனை வருடத்துக் கைநுணுக்கத்துக்கு அந்தப் போர்டில் வேலை இல்லாமல் போயிருந்தது.

"தோற்பவன்தான் தடை கேட்பான், எதிர்க்கக் கற்றுக்கொள்ளட்டும்" என்கிறான் ரேக்வாசாவை முதலில் இறக்கியவன். பாதி சரி. புதிதாக ஒன்று வந்த முதல் வாரமே தடை கேட்டு அழுவதை நானும் ஏற்கமாட்டேன். ஸ்மோகனிலும், ஆடி ஒரு தரப்புள்ளியை எட்டியவர்களுக்குத்தான் வாக்கு; தடை விழப் பொதுவாக 60 சதவீத ஆதரவு வேண்டும். விழுந்த தடை நிரந்தரமும் இல்லை. போகிமான் ஆட்டங்களின் நான்காம் தலைமுறையில் விரட்டப்பட்ட கார்சாம்ப் என்ற டிராகன், 2013இல் டிராகன்களை அடக்கும் ஃபேரி வகை வந்த ஆறாம் தலைமுறையில் சாதாரணப் பிரிவிலேயே ஆடியது. ஆனால் ரேக்வாசாவை எதிர்க்க இன்னொரு ரேக்வாசாதான் வழி என்றால், தம்பி, அங்கே கற்றுக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

தடைக்குப் பதில் வரம்பு வைக்கலாமே என்று அண்ணன் மகன் கேட்டான். அதிகாரப்பூர்வ உலகப் போட்டியில் இத்தகைய ராட்சதர்களை 2022இல் ஓர் அணிக்கு இரண்டு, 2024இல் ஒன்று என்றுதான் அனுமதித்தார்கள். அங்கே இரண்டிரண்டாக மோதுகிறார்கள். இரண்டு சேர்ந்து ஒன்றை மடக்கலாம். ஒற்றைக்கு ஒற்றையாக மோதும் எங்கள் மாடிக்கு அந்த ஒன்றே அதிகம். கதை ஆட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வளர்க்கட்டும். அந்தப் பச்சைப் பாம்பு மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குவது எனக்கும் பிடிக்கும்.

இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம். கோபித்துக்கொண்ட இருவரும் கட்டாயம் வர வேண்டும். மூன்று வாரம் ரேக்வாசா இல்லாமல் ஆடிய பிறகு வாக்கெடுப்பு. எட்டில் ஐந்து பேர் ரேக்வாசா மறுபடியும் வேண்டும் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் விட்டுவிடுகிறேன். சின்னவன் நேற்றே நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அடித்த வரிக்குக் கீழே ப்ரெலூம் என்று மறுபடியும் எழுதியிருந்தான்.