ஜெபம் பண்ண வாங்க, எங்களைப் படம் பிடிக்க வராதீங்க

அமெரிக்காவிலிருந்து ரெண்டு வார ஜெபப் பயணமாக எங்கள் ஊருக்கு வந்த குழு எடுத்துப் போட்ட அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. முதலில் நம் சேகரத்து (சபை வட்டாரத்து) வாட்ஸ்அப் குழுவில் "ஸ்தோத்திரம்", "ஆமென்" என்று கைகூப்பிய பொம்மைகளோடு ஓடியது. இப்போது வேறு ஆட்களின் குழுக்களில் வேறு தலைப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது. மதமாற்றம் என்று குற்றம் சாட்டுகிற அந்தத் தலைப்பு உங்களுக்கே தெரியும்.

நேற்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்து, "அண்ணே, அவங்க ஜெபம்தானே பண்ணுனாங்க, உங்களுக்கு ஏன் எரியுது?" என்று கேட்டான். எரியத்தான் செய்கிறது. ஏன் என்று சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

முதலில் அசனம். நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோவில்களில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. முந்தின ராத்திரி முழுக்க ஆம்பிளைகள் காய் வெட்டுவார்கள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவரும் பனையேறியவரின் பேரனும் ஒரே பந்தியில் இருப்பார்கள். முடிந்ததும் வீட்டுக்குத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவோம், ஏனென்றால் அசனச் சோற்றுக்கு ஒரு ருசி உண்டு. இதில் யாரும் யாருக்கும் தர்மம் பண்ணுவதில்லை.

அந்தப் பந்தியைத்தான் அவர்கள் படம் பிடித்தார்கள். பின்னணியில் சோகமாக ஒரு வயலின். கீழே எழுத்து: "பசித்திருக்கும் ஒரு கிராமத்துக்கு இன்று உணவளித்தோம்." தூக்குவாளியை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வயதான அம்மாவின் முகத்துக்கு அருகே கேமரா போகிறது. அந்த அம்மா யார் தெரியுமா? முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். அன்று கட்டியிருந்தது பட்டுச் சேலை. அசனத்துக்கு ரெண்டு மூட்டை அரிசி கொடுத்ததே அவர்தான். அவர் மகன் டெக்சாஸில் இருக்கிறான். அவனுடைய ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒருத்தர் இந்த வீடியோவை அவனுக்கே அனுப்பி, "இந்தப் பாட்டிக்காக ஜெபித்துக்கொள்" என்றாராம். சிரிக்கிறதா, அழுகிறதா?

சரி, அதையாவது சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அம்மன் கோவில் தெருவில் நடந்ததை விட முடியாது.

ஜெபநடை என்று தெருத்தெருவாகப் போனார்கள். போகட்டும், தெரு எல்லாருக்கும் பொது. ஆனால் கோவில் வாசலுக்கு எதிரே நின்று, கைகளை அதை நோக்கி நீட்டி, "இந்த இருளின் கோட்டை உடையட்டும்" என்று சத்தமாகச் சொல்லி, அதையும் படம் பிடித்து, எங்கள் ஊர்ப் பெயர்ப் பலகை தெரிகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் டீக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி கையசைக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி அந்தக் கோவிலுக்குத்தான் தினமும் விளக்குப் போடப் போவார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களுக்கு மூணு வேளையும் சோறு கொண்டுவந்தவர் அவர். அவருடைய பேரன் அந்த வீடியோவைப் போனில் காட்டியிருக்கிறான். அடுத்த நாள் காலையில் வாசலில் என்னைப் பார்த்ததும், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: "எய்யா, நாங்க என்ன இருட்டுலயா கெடக்கோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. வாஷிங்டனுக்கோ டல்லஸுக்கோ திரும்பிப் போய்விட்டவர்களுக்கு அந்தக் கேள்வி போகாது. அது என் வாசலில்தான் நிற்கும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நீங்கள் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கேதான் இருப்போம். நீங்கள் எடுத்த படத்துக்கு உங்களுக்குக் காணிக்கை வரும், எங்களுக்கு வழக்கு வரும்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயதுப் பையன் சுற்றுலா விசாவில் அந்தமானுக்கு வந்து, தடை செய்யப்பட்ட வட சென்டினல் தீவுக்குப் போய் உயிரை விட்டான். உலகம் முழுக்க அவனைத் தியாகி என்றும் முட்டாள் என்றும் விவாதித்தார்கள். அவனுக்கு உதவியதாகக் கைதான உள்ளூர் ஆட்கள் ஏழு பேர். அதில் பெரும்பாலும் மீனவர்கள். அவர்களுடைய பெயர்களை எந்த ஜெபக்கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சபைக் கமிட்டிக்காரர்கள் இதில் ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் கோவிலுக்கு வரலாம், ஆராதனையில் உட்காரலாம், அதற்குத் தடையே இல்லை. மேடையேறிப் பிரசங்கிப்பதும் கைப்பிரதி கொடுப்பதும்தான் கூடாது. அதற்குத் தனி விசா இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் படிவம் கொடுக்க வேண்டியது தங்க வைத்தவர். விதி மீறினால் பெரும்பாலும் அவர்களைத் திருப்பி அனுப்புவார்கள், இனி வராதே என்பார்கள். இங்கே குருவானவர் ஸ்டேஷனுக்கு அலைவார்.

அதே குழு இங்கிருந்து காசிக்குப் போயிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2021ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2024ல் அதைத் திருத்தி, சம்பந்தமே இல்லாத யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், தண்டனை ஆயுள்வரை போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே ஒரு வீட்டு அறையில் பத்துப் பேர் கூடி மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும் ஜனங்களை நினைத்துப் பாருங்கள். அந்த அறையிலும் இவர்கள் கேமரா போயிருக்கிறது. முகங்களை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போது வழக்கமான ஆட்கள் வருவார்கள். "வெள்ளைக்காரன் வராவிட்டால் நீ இன்றைக்கு எங்கே இருந்திருப்பாய்?" தெரியும், இதுதான் எப்போதும் முதல் கமென்ட்.

வந்த மிஷனெரிகளை நான் மறக்கவில்லை. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், வந்ததும் மணலில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து தமிழ் எழுதப் படித்தார். 1719ல் இந்த மண்ணிலேயே செத்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1750ல் வந்தவர், 1798ல் தஞ்சாவூரில் சாகும்வரை ஊர் திரும்பவில்லை. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாள் இந்தியாவில் 55 வருஷம், ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகாமல். கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965ல் ஒடிசாவுக்கு வந்து தொழுநோயாளிகளோடு இருந்தவர், 1999ல் தன் ரெண்டு சின்னப் பையன்களோடு சேர்த்து எரிக்கப்பட்டார். அதற்குப் பிறகும் அவர் மனைவி கிளாடிஸ் அம்மா வருஷக்கணக்கில் அங்கேதான் இருந்தார். இவர்களைக் காட்டி ரெண்டு வாரப் பயணத்துக்கு நியாயம் கேட்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. சுவிசேஷம் இங்கே கப்பலில் மட்டும் வரவில்லை. பாளையங்கோட்டையில் 1785ல் கோவில் கட்டியது யார்? குளோரிந்தா என்ற பிராமண விதவை. இன்றைக்கும் அது பாப்பாத்தியம்மாள் கோவில்தான். கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடி வேதமாணிக்கம் சிதம்பரம் போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கேட்டு விசுவாசித்து, எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவராகவே அலைந்ததால்தான் 1806ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி அங்கே வந்தார். விசுவாசத்துக்காக அடிபட்டு விரட்டப்பட்ட ஜனங்களுக்காக டேவிட் சுந்தரானந்தம் 1799ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊரை உண்டாக்கினார். இத்தனைக்கும் பிறகு எங்கள் ஊரில் நின்றுகொண்டு, "இங்கே முதன்முறையாக இயேசுவின் நாமம் ஒலிக்கிறது" என்று ஒருத்தர் பேசுகிறார். அவர் பேசும்போதே பின்னால் எங்கள் கோவில் மணி அடிக்கிறது, வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. காது வேண்டாமா?

"ஜெபிப்பது தப்பா?" தப்பே இல்லை. என் வாழ்க்கையே பலருடைய ஜெபத்தில் ஓடுகிறது. ஆனால் ஜெபத்தைப் பற்றி மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்லியிருக்கிறது. ட்ரோன் பறக்கவிடச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"இதைப் பொதுவில் எழுதி எதிரிகளுக்கு ஆயுதம் கொடுக்கிறாய்." ஆயுதத்தைச் சாணை பிடித்து, ஊர்ப் பெயர் ஒட்டி, யூடியூபில் வைத்தது அவர்கள். இதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

அதே மாதிரி, "பார்த்தீர்களா, அவனே ஒத்துக்கொண்டான்" என்று இந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிற, எங்களை மதமாற்றக்காரர்கள் என்கிற அந்தப் பக்கத்து நண்பர்களே, நில்லுங்கள். நான் உங்கள் ஆள் இல்லை. என் விசுவாசத்தைச் சொல்லவும் பின்பற்றவும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு எனக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதை யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை.

"கோவில் கூரைக்குப் பணம் கொடுத்தார்களே" என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் போனில் சொன்னார். கொடுத்தார்கள், நன்றி. ஆனால் அந்தக் கூரைக்கு விலையாக ஆச்சியின் முகத்தை விற்க எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

நண்பர் ஒருவர், "உங்கள் சபைக்குள்ளேயே சாதி இருக்கிறது, அதை முதலில் பார்" என்றார். இருக்கிறது. கல்யாணத்திலும் திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள சபைகளின்) தேர்தலிலும் அது அப்பட்டமாகத் தெரிகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது, தனியாக எழுதுகிறேன். ஆனால் வந்தவர்கள் அதற்காக ஒரு வார்த்தை ஜெபித்தார்களா? எங்கள் இருள் எது என்று எங்களிடம் கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்போம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் வெள்ளாளன்விளைக்காரர். 1910ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், அத்தனை வெள்ளைக்காரப் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கேட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எங்களுக்கு விருந்தாளிகள்தான் வருகிறார்கள், செல்ஃபி ஸ்டிக்கோடு.

அதே அசரியா 1903லேயே திருநெல்வேலி ஆட்களைச் சேர்த்து இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் காசு, நம் ஆட்கள் என்று தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு தானே தோர்ணக்கல் போய், தெலுங்கு படித்து, அங்கேயே பேராயராகி, 1945ல் அங்கேயே இறந்தார். என் பாட்டி அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த சின்ன மண்பானையில் போடுவாள். சாயங்காலம் கஞ்சிக்கே அரிசி பத்தாத நாளிலும் போடுவாள், நான் பார்த்திருக்கிறேன். மிஷனெரிப் பானை என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் அதில் கை வைத்தால் முதுகில் விழும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அதை ஏலம் விட்டு, காசை சங்கத்துக்கு அனுப்புவார்கள். அவள் திருச்செந்தூரைத் தாண்டிப் போனதில்லை, ஒரு மிஷனெரியை நேரில் பார்த்தாளா என்பதே சந்தேகம். அவளைப் போன்றவர்களின் ஊரைத்தான் இவர்கள் சுவிசேஷம் 'எட்டப்படாத' ஊர்ப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

எழுத எழுத ஒன்று புரிகிறது, எனக்கு வெள்ளைக்காரர்கள் மேல் கோபம் பாதிதான். அவர்களில் பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், நல்ல மனசோடு வந்தவர்கள். சொல்லிக்கொடுத்திருந்தால் கேட்டிருப்பார்கள். சொல்ல வேண்டியவர்கள் நாம். அம்மன் கோவில் வாசலில் நின்றபோது பக்கத்திலேயே மொழிபெயர்த்துக்கொண்டு நின்றது நம் ஊர்ப் பையன்தானே? "இங்கே வேண்டாம் பிரதர்" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரவில்லையா? தூக்குவாளியைப் படம் பிடித்தபோது கமிட்டி மொத்தமும் மாலையும் சால்வையுமாகக் கூடவே நின்றதே. வெள்ளைத் தோலைப் பார்த்தால் நமக்கு இன்னும் முதுகு வளைகிறது. இதில் நம் ஆட்களும் பஸ் பிடித்து வட இந்திய ஜெபப் பயணம் போய், கங்கைக்கரையில் நின்று இதையேதான் செய்துவிட்டு, வரும்போது பனாரஸ் சேலையும் வாங்கி வருகிறார்கள்.

ஜனவரியில் அடுத்த குழு வருகிறதாம். படம் எடுப்பதற்கும் தெருவில் ஜெபிப்பதற்கும் விதிமுறை வையுங்கள் என்று கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை. விருந்தினர் அறைக்கு ஏசி போடுவதற்கு மட்டும் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். போன மாதம் ஒடிசாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் ஊர் மிஷனெரி குடும்பத்துக்குச் சாட்சி சொல்ல அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, நாலாவது நிமிஷத்திலேயே சீட்டு அனுப்பி முடிக்கச் சொன்னதும் இதே கமிட்டிதான்.