போனைக் கொஞ்சம் கீழே வைங்கடா

சனிக்கிழமை ராத்திரி வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒரே வகுப்பில் படித்த ஐந்து பேர் நாங்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். அதில் இரண்டு பேர் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. எப்படியோ ஆளாளுக்குக் கெஞ்சி, ஒரு தேதி பிடித்து, என் வீட்டு மாடி அறையில் உட்கார வைத்தேன். என்ன படம் போடுவது என்று ஒரு மாதம் யோசித்து 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்' படத்தை எடுத்து வைத்திருந்தேன். 2013-இல் எட்கர் ரைட் இயக்கிய இங்கிலாந்துப் படம். ஐந்து பள்ளி நண்பர்கள் நடுவயதில் மறுபடி ஒன்றுகூடி, 1990 ஜூன் மாதத்தில் முடிக்காமல் விட்ட பப் பயணத்தை முடிக்கப் போகிறார்கள். கூட்டத்தைத் திரட்டுகிறவன் கேரி, சைமன் பெக் நடித்தது. ஒரே இரவில் 12 பப், ஆளுக்கு 12 பைன்ட் பீர். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எது?

படம் மொத்தமே 109 நிமிடம். முதல் பத்து நிமிடத்திலேயே மூன்று போன்கள் வெளிச்சம் காட்ட ஆரம்பித்துவிட்டன. நிறுத்தினேன். "நீ ஓட்டுடா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றான் ஒருவன். என்னத்தைக் கேட்கிறாய்? அது பிரிட்டிஷ் உச்சரிப்பு. சப்டைட்டில் இல்லாமல் நம் ஐந்து பேருக்கும் பாதி புரியாது. குனிந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டே சப்டைட்டில் படிக்க முடியுமா?

அதுவும் எட்கர் ரைட் படம். அவருடைய நகைச்சுவையில் பாதி வசனத்தில் இருக்காது, காட்சிகளை வெட்டி ஒட்டும் விதத்திலும் திரையின் ஓரத்திலும்தான் இருக்கும். முதல் பப்பும் இரண்டாவது பப்பும் உள்ளே அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அவர்கள் பிறந்த ஊரை, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிளை திறக்கும் சங்கிலிக் கடைகள் தின்றுவிட்டன என்பதைச் சொல்லும் காட்சி அது. வெல்வின் கார்டன் சிட்டி, லெட்ச்வர்த் என்ற நிஜ ஊர்களில் படம்பிடித்து, எங்கே போனாலும் ஒரே முகமாக இருக்கும் ஒரு ஊரைக் காட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் நான் சிரிக்கிறேன், நிமிர்ந்து பார்த்த ஒருவன் கேட்கிறான்: "இன்னும் அதே கடையிலதான் இருக்காங்களா?" அப்போதே டிவியை அணைத்திருக்க வேண்டும்.

சரி, நகைச்சுவை போகட்டும். நிக் ஃப்ராஸ்ட் நடித்த ஆன்டி முதல் பப்பில் வெறும் குழாய்த் தண்ணீர் கேட்கிறான். பதினாறு வருஷமாகக் குடிக்காதவன். ஏன் விட்டான் என்பது பிறகுதான் தெரிகிறது. கேரியைக் காப்பாற்றப் போய் விபத்தில் சிக்கி, ரத்தம் ஒழுகக் கிடந்தவனை விட்டுவிட்டு ஓடினவன் அதே கேரிதான். அந்தத் தண்ணீர் டம்ளரைக் கவனிக்காதவனுக்கு, அப்புறம் ஆன்டி ஒரு தட்டு நிறைய மதுவை மடமடவென்று எடுத்துக் குடிக்கும்போது என்ன புரியும்? "செம சீன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அந்த ஐந்து பேரில் இன்னொருவனான பீட்டரின் காட்சிக்கு நானே பேச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பள்ளியில் அவனை அடித்து உதைத்து அழ வைத்தவன் பப்பில் பக்கத்தில் வந்து நிற்கிறான். பீட்டரை அடையாளமே தெரியவில்லை அவனுக்கு. அடி வாங்கியதைவிட அதுதான் பீட்டருக்கு வலிக்கிறது. பீட்டராக நடித்த எட்டி மார்சன் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்லும்போது எங்கள் அறையில் ஒரு போனிலிருந்து சமையல் வீடியோ சத்தம். வெங்காயம் பொன்னிறமாக வதங்க வேண்டுமாம்.

கடைசிப் பப்பில் கேரியின் சட்டைக் கை விலகுகிறது. மணிக்கட்டில் கட்டு, கூடவே ஆஸ்பத்திரிப் பட்டை. படம் தொடங்கும்போது நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் என்ன கூட்டம், இந்த ஆள் ஏன் இப்படி விடாப்பிடியாகப் பன்னிரண்டாவது பைன்ட்டைத் துரத்துகிறான் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கும். தன் குடிப்பழக்கத்தையும் மன அழுத்தத்தையும் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியவர் சைமன் பெக். அந்த முகம் வெறும் நடிப்பு இல்லை. அந்த நொடியில் என் அறையில் நிமிர்ந்திருந்த தலை என்னுடையது மட்டும்தான்.

படத்தில் ஊர்க்காரர்களுக்குப் பதிலாக ரோபோ மாதிரி ஆட்களை வைத்து ஊரைப் பிடித்து வைத்திருக்கும் வேற்றுக்கிரகச் சக்திக்குப் பெயரே 'நெட்வொர்க்'. உங்கள் தகவல்தொடர்பு வளர்ச்சியெல்லாம் நாங்கள் போட்ட பிச்சை என்கிற மாதிரி அது பேசும். "போங்கடா" என்று அதைத் துரத்திவிடுகிறார்கள் குடித்துவிட்டு நிற்கும் இந்த ஆட்கள். எங்கள் ஆட்கள் அப்போது வைஃபை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்ததும் தீர்ப்பு வந்தது: "குடிகாரனுங்க, ரோபோ, அடிதடி. இதுக்குப் போயி இவ்ளோ பில்டப்பா?" பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேரும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு தலையணை, ஆளுக்கொரு திரை. எனக்குப் படம் போனதைவிட இதுதான் தாங்கவில்லை. இனி இந்த ஐந்து பேரையும் எந்தத் தேதியில் பிடிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் கூப்பிட்டான். மனசு உறுத்தியிருக்கும் போல என்று நினைத்தேன். "மாப்ள, அந்தப் படம் லிங்க் அனுப்பு. ஒன்றரை ஸ்பீடுல வச்சு பாத்து முடிச்சிடறேன்."

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அந்த லிங்க் அவனுக்குப் போகாது.