மேசனைத் திட்ட முதல் தண்ணியைப் பாருங்கோ

எங்கட யாழ்ப்பாணத்து ரிட்டயர்ட் தம்பதி ஒண்டு தோட்டப் பக்கம் மலைச்சரிவில வீடு கட்டினவை. அவையின்ர குடிபூரல் வீடியோவுக்கு இதயம் போட்ட ஆக்களே இப்ப மண்ணைத் தாங்கக் கட்டின மதில் இடிஞ்ச வீடியோவுக்குக் கீழ வந்து, "தோட்டத்து மேசனுக்கு வேலை தெரியாது, யாழ்ப்பாணத்தில இருந்து ஆள் கொண்டுபோயிருக்க வேணும்" எண்டு எழுதுறியள். இதைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால ஏலாது.

முதல் வீடியோவைத் திரும்பப் பாருங்கோ. பத்தடி மதில், ஒரு ஓட்டை இல்லை. தண்ணி போற பைப் வாயளால கறை இறங்கி வடிவு கெடுது எண்டு எல்லாத்தையும் பூசி மூடச் சொன்னதை வீட்டுக்காரரே பெருமையாச் சொல்லுறார். மேசன் பைப் வைச்சிருக்கிறான். மூடுவிச்சது ஆர்?

மதிலுக்குப் பின்னால பத்தடிக்குத் தண்ணி நிரம்பினா, மதிலின்ர ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் தண்ணி மட்டுமே 4.5 தொன் அளவில தள்ளும். மண்ணின்ர பாரம் அதுக்கு மேல. அதுக்குத்தான் மூண்டு அங்குல பைப்பை அஞ்சடிக்கு ஒண்டா, வெளிப்பக்கம் கொஞ்சம் சரிச்சு வைக்கிறது. பைப் மட்டும் காணாது. மதிலுக்கும் மண்ணுக்கும் இடையில ஒரு அடி அகலத்துக்குச் சல்லி போட வேணும், சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில வடிதுணி, அதாவது தண்ணியை விட்டு மண்ணை மறிக்கிற துணி, விரிக்க வேணும். துணி இல்லாட்டி ரெண்டு மாரிக்குள்ள சேறு வந்து சல்லியை அடைச்சுப்போடும். பிறகு பைப் இருந்தும் இல்லாததுதான்.

மலையில வீடு கட்டுறதெண்டா முதல் கேள்வி தண்ணியை எங்க விடுறது எண்டதுதான். கம்பி, சீமெந்து, கண்ணாடி யன்னல் எல்லாம் அதுக்குப் பிறகு.

எங்கட ஊரில இந்தக் கேள்வியே வராது. பல இடத்தில கொஞ்சம் கிண்டினவுடன சுண்ணாம்புக்கல்லு, அத்திவாரம் அதில குந்தும். மழைத்தண்ணி கல்லு வெடிப்புக்குள்ளால இறங்கிக் கிணத்துக்கு வரும், வந்தாச் சந்தோசம். வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் எங்களுக்கு இல்லை, வழுக்கையாறும் மாரியிலதான். அந்தப் பழக்கத்தோட போய் மலைச்சரிவிலயும் தண்ணியை நிலத்துக்குள்ள இறக்கினா, மண் ஊறிக் கனத்துப் பிடி விடும். 1,200 சதுர அடிக் கூரையில ஒரு நாளில 100 மில்லிமீற்றர் மழை பெய்தா 11,000 லீற்றருக்கு மேல தண்ணி. கூரை விளிம்பில பீலி இல்லாமல் அவ்வளவும் அத்திவாரத்தடியில விழுந்தா என்ன நடக்கும்? பீலியால இறக்கி, கொங்கிறீற்றுக் கானால (வடிகாலால) கொண்டுபோய், இயற்கையான ஓடையில சேர்க்க வேணும். வெட்டின சரிவுக்கு மேலயும் ஒரு கான் வேணும், அதுவும் கொங்கிறீற்று போட்டது. வெறும் மண் கான் தண்ணியைச் சரிவுக்குள்ளயே இறக்கும். மலசலகூடக் குழியைச் சரிவின்ர விளிம்பில வெட்டுறது அதைவிட மோசம், அது வெயில் காலத்திலயும் மண்ணை நனைக்கும்.

இன்னொண்டு, அந்த வீட்டின்ர பாதி வெட்டின தரையில, பாதி கொட்டின மண்ணில நிக்குது. கொட்டின மண்ணை அரையடி அரையடியாப் போட்டு இறுக்காட்டி அந்தப் பாதி இறங்கும். யன்னல் மூலையில இருந்து சாய்வா வெடிப்பு ஓடும், கதவு இறுகும். ரெண்டாவது வீடியோவில அந்த வெடிப்பு வடிவாத் தெரியுது. ஒருத்தரும் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை.

"அப்ப யாழ்ப்பாணத்தான் மலையில வீடு கட்டக் கூடாதோ?" எண்டு ஒருத்தர் கேப்பார். தாராளமாக் கட்டுங்கோ. ஆனா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கையோட ஓகஸ்டில போய்க் காணி பாத்து அட்வான்ஸ் குடுக்காதேங்கோ. ஊவா மலைப்பக்கம் அப்ப காய்ஞ்சு கிடக்கும். நவம்பர் மழைக்குள்ள போய் நில்லுங்கோ. எந்த இடத்தால ஊத்துக் கிளம்புது, எந்த மரம் சாய்ஞ்சு நிக்குது, நிலத்தில வெடிப்பு இருக்கோ எண்டு அப்ப தெரியும். மண்சரிவு மாவட்டங்களில தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர அறிக்கை கேக்கிறதும் இதுக்குத்தான். "தெரிஞ்ச ஆள் இருக்கு, எடுக்கலாம்" எண்டு நினைக்காதேங்கோ.

"வெள்ளைக்காரன்ர பங்களா நூறு வருசத்துக்கு மேல நிக்குதே?" நிக்குது. நல்ல இடம் பாத்துக் கட்டினான், சுத்திக் கல்லுக் கான் போட்டான். அந்தக் கானை மழைக்கு முதல் கிண்டித் துப்புரவாக்கினது ஆர்? தோட்டத்துச் சனம். இண்டைக்கும் கொட்டுற மழைக்குள்ள உங்கட கானில அடைச்ச சருகை எடுக்க அறுபத்தைஞ்சு வயதில நீங்களா இறங்கப் போறியள்? அதே சனத்தைத்தான் கூப்பிடுவியள். அந்தச் சனத்தைத்தான் வேலை தெரியாதது எண்டு எழுதுறியள்.

எனக்கு நோகிறது இதுதான். 2014 ஒக்ரோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மூடுண்டது. 2025 நவம்பரில டித்வா புயலுக்கு மலையகத்தில என்ன நடந்ததெண்டும் கண்டனாங்கள். அப்ப எல்லாரும் கண்ணீர் விட்டு எழுதினியள். இண்டைக்கு எங்கட ஆக்களின்ர மதில் கீழ இருக்கிற லயத்துப் பாதையில விழுந்து கிடக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையள் நடக்கிற பாதை. நூறு கொமென்றில ஒருத்தராவது "கீழ ஆருக்கும் ஏதும் நடந்ததோ" எண்டு கேட்டியளோ? "பாவம், எவ்வளவு காசு" எண்டதுதான் முழுக்க.

காசு போனது எனக்கும் கவலைதான். ஆனா பூசி மூடினதால மிச்சப்பட்ட காசு ஒண்டும் இல்லை.

அந்த வீட்டுக்காரருக்கு: மதிலைத் திரும்பக் கட்ட அவசரப்படாதேங்கோ. முதல் இடிஞ்ச வெட்டுக்கு மேல தறப்பாள் விரிச்சு, கூரைத்தண்ணியைப் பைப்பால தள்ளிக் கொண்டுபோங்கோ. வெடிப்புக்குக் குறுக்கால கண்ணாடித் துண்டொண்டைச் சீமெந்தால ஒட்டி வையுங்கோ. அது உடைஞ்சா வீடு இன்னும் அசையுது, உள்ள படுக்காதேங்கோ. கீழ லயத்தில இருக்கிற குடும்பங்களுக்கு இண்டைக்கே ஆள் அனுப்பிச் சொல்லுங்கோ, மழை பெய்தா ராவில அங்க நிக்க வேண்டாமெண்டு. அவையள் தங்க வேற இடம் பாத்துக் குடுக்கிறதும் உங்கட பொறுப்பு. அந்த மேசனைக் கூப்பிட்டு, பைப் எங்கெங்க வைச்சவன் எண்டு அவனிட்டயே கேளுங்கோ.