திண்ணை என்று எழுதியது நான்தான்

போன மாதம் ஒரு தம்பி கொழும்பிலிருந்து அழைத்தார். சின்னதாகப் பதிப்பு வேலை செய்கிறவர். "டீச்சர், உங்க கதைத் தொகுப்ப மறுபடி போடலாம்னு இருக்கோம். ஒரு முன்னுரை மட்டும் எழுதித் தாங்க" என்றார். 1996இல் வந்த புத்தகம். ஒன்பது கதைகள், ஐந்நூறு பிரதிகள். சந்தோஷமாகச் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அந்தப் புத்தகத்தைத் திறந்து படித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

எழுதுகிற நண்பர்கள் பலர் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். "அச்சாகி வந்துட்டா அது வாசகனோடது, நான் திரும்பிப் பாக்கிறதில்ல" என்பார்கள். நானும் மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கதை எழுதுகிறவர்கள் தங்கள் கதைகளைப் படிக்க வேண்டும். அச்சு மை காய்வதற்குள் படிப்பதைச் சொல்லவில்லை. அப்போது கண்ணில் படுவதெல்லாம் எழுத்துப் பிழை மட்டும்தான். நன்றாக ஆறி, எழுதினது யாரோ என்று ஆன பிறகு படிக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தொகுப்பின் முதல் கதை, ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போவதைப் பற்றியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு போட்டன. மிச்சம் 150,000 பேருடைய கதியைப் பத்து வருஷம் கழித்துத்தான் பேசி முடித்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அது காம்பரா. எங்கள் லயத்தில் எட்டுக் காம்பராக்கள். அதில் மூன்று காம்பராக்காரர்கள் இந்தியாவுக்கு என்று ஆனார்கள். 1977இல், எனக்குப் பதினான்கு வயதில், பக்கத்துக் காம்பரா சிநேகிதி போனாள். அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரம். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

கதையில் அந்தப் பெண்ணுக்கு லெட்சுமி என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். தாத்தா மட்டும் போக வேண்டும் என்று நிற்கிறார். "அங்க போனா நமக்குன்னு ஒரு திண்ண இருக்கும்டி. செத்தாக்கூட அதுல கெடத்துவாங்க" என்கிறார்.

இந்தக் கதையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. புத்தகமாவதற்கு முன்பு அது ஒரு பத்திரிகையில் வந்தது. காம்பரா வாசலில் இருக்கும் இடத்தை நான் எங்கள் பேச்சுப்படி இஸ்தோப்பு என்று எழுதிய இடங்களிலெல்லாம் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் திண்ணை என்று மாற்றிவிட்டார், எங்கள் ஊர்ச் சொல் அச்சில் வரக்கூடாது என்று வெட்டினார் என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன். இலக்கியக் கூட்டங்களில் சொன்னேன், பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களிடம் சொன்னேன். கேட்டவர்கள் என்னோடு சேர்ந்து கோபப்பட்டார்கள்.

இந்த முறை படித்தபோது எண்ணிப் பார்த்தேன். ஏழு இடத்தில் திண்ணை. கோபம் மறுபடி ஏறியது. மறுபதிப்பில் ஏழையும் இஸ்தோப்பு ஆக்கிவிடலாம் என்று, மூலத்தைப் பார்க்கத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், கதையைக் கையால் எழுதிவைத்த அந்த சீ.ஆர். கொப்பி, நோட்டுப் புத்தகம், இருந்தது. அட்டை பூஞ்சணம் பிடித்திருந்தாலும் உள்ளே எழுத்து கலையவில்லை. நீல மையில், என் கையெழுத்தில், திண்ணை. அடுத்த பக்கத்திலும் திண்ணை. மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் கை தன்னை மறந்து இஸ்தோப்பு என்று எழுதியிருக்கிறது. அதன்மேல் நானே கோடு கிழித்து, மேலே பொடி எழுத்தில் திண்ணை என்று போட்டிருக்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஆடி மாத மழை. அட்டன் மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடாது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மீது இருபது வருஷம் பழி போட்டிருக்கிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்று மனதார நம்பினேன். புத்தகத்தை ஒரு தடவை படித்திருந்தால் கொப்பியைத் தேடியிருப்பேன். கொப்பியைப் பார்த்திருந்தால் அவரிடமே போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்றும் தெரிகிறது. கோச்சியைப் புகையிரதம் என்று எழுதியதும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்தை வெறுமனே மைதானம் என்று எழுதியதும் அதே கைதான். படித்து டீச்சராகி, நல்ல தமிழ் எழுதுகிறாள் என்று பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை. லயத்துச் சொல் கதைக்குள் வந்தால் லயத்து வாசனையும் கூடவே வந்துவிடும் என்ற பயம். இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழியாக வந்த சொல் என்று பிறகு படித்தேன். அதனால் என்ன? நான் பிறந்ததும் தவழ்ந்ததும் அங்கேதான்.

ஆனால் இது வெறும் சொல் விவகாரம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதற்கு முன்னால் ஒரு துண்டு இடம். அதுதான் இஸ்தோப்பு. விறகு அங்கே, கூடை அங்கே, மழைக்கு ஒதுங்குகிற ஆட்டுக்குட்டியும் அங்கே. அது தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் பேர் இருக்கும் வரைதான் அதில் உட்காரலாம். திண்ணை வைத்துக் கட்ட வீடு நம்முடையதாக இருக்க வேண்டும். அந்தத் தாத்தா ஏங்குவது அதற்குத்தான். நானோ முதல் வரியிலேயே அவரைத் திண்ணையில் உட்காரவைத்து வெற்றிலை இடிக்க விட்டிருக்கிறேன்! ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மனிதர் எந்தத் திண்ணைக்காகக் கடல் தாண்டுவார்? கதையின் உயிரே அந்த ஒரு சொல்லில் இருந்தது. எழுதியபோது எனக்கு அது தெரியவில்லை, அப்போது படித்த யாரும் சொல்லவுமில்லை.

சரி, குறை மட்டும்தான் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. நான்காவது கதையில் ஒரு பத்தி இருக்கிறது. தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வரும் தாய் கூடையை இறக்கி, இடுப்புப் படங்கை அவிழ்த்துப்போட்டுவிட்டு, மகளைக் கூப்பிடுகிறாள். கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஒரு பள்ளம். அங்கே முடி தேய்ந்து பளபளவென்று இருக்கும். "ஒங்கைய வையி புள்ள, ஒங்கைதான் சில்லுனு இருக்கு" என்கிறாள். பிள்ளை எக்கி நின்று கையை வைக்கிறது. தாய் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

படித்துக்கொண்டே வந்தவளுக்குக் கை நின்றுவிட்டது. அது என் அம்மா. அந்தப் பிள்ளை நான். அம்மா 2005இல் போய்விட்டார். அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் இல்லை. அம்மாவைப் பற்றி எவ்வளவோ நினைத்திருக்கிறேன், இது மட்டும் ஒரு நாளும் நினைவுக்கு வந்ததில்லை, முழுக்க மறந்திருந்தேன். முப்பது வயதில் கற்பனை என்று நினைத்து எழுதினேனோ, தெரிந்தே எழுதினேனோ, கதை அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சூடு இப்போது உள்ளங்கையில் இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிற நண்பர்களே, உங்கள் புத்தகத்திலும் இப்படி யாராவது காத்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் திருத்துகிற கேள்வி. ஏழு சொல்லை மாற்ற அஞ்சு நிமிஷம் போதும். பெரிய எழுத்தாளர்களே செய்திருக்கிறார்கள். ஹென்றி ஜேம்ஸ் 1907 முதல் 1909 வரை தன் பழைய நாவல்களையும் கதைகளையும் உட்கார்ந்து படித்து, இளமையில் எழுதிய வாக்கியங்களைக்கூட விரிவாக மாற்றி, முன்னுரைகளோடு புதிய வரிசையாக வெளியிட்டார். பழைய வடிவமே மேல் என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட ஜெயகாந்தன் செய்தது பிடிக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், கெடுக்கப்பட்டு வந்து நிற்கும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்பாள். அந்தக் கதையில் அவர் கை வைக்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் என்று எடுத்துக்கொண்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். நாவலுக்குள் அந்தப் பழைய கதையும் அச்சான கதையாகவே வருகிறது. தன் கதையைத் திரும்பப் படித்தவர் அதற்கு இன்னொரு கதையால் பதில் சொன்னார்.

அதனால் என் திண்ணையும் அப்படியே இருக்கும். தன் வீட்டு வாசலின் பெயரை எழுத வெட்கப்பட்ட ஒரு மலையகப் பெண் 1996இல் இருந்தாள். இன்றைக்கு எழுதுகிற எங்கள் பிள்ளைகள் இஸ்தோப்பு, பெரட்டு, கோச்சி எல்லாவற்றையும் அடைப்புக்குறி விளக்கம் இல்லாமல் தைரியமாக எழுதுகிறார்கள். படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் நான் இப்போது மாற்றி வைத்தால், நாங்களும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எழுதினோம் என்று அவர்கள் நம்பிவிடுவார்கள். அது பொய். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாயிற்று.

பதிப்பிக்கிற தம்பியிடம் பேசிவிட்டேன். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க தம்பி, சொல்லுல கை வைக்க வேணாம்" என்றேன். முன்னுரையில் அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அடித்துத் திருத்தியது நான்தான் என்று எழுதப்போகிறேன். கொப்பியின் அந்த மூன்றாம் பக்கத்தைப் படமெடுத்துப் போட முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். என் கூட்டங்களுக்கு வந்தவர்கள், அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டு வேறு யாரிடமாவது சொன்னவர்கள் இருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

தாத்தா இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதாக ஒரு புதுக் கதை தொடங்கியிருக்கிறேன். தொகுப்பில் இன்னும் ஐந்து கதைகளைப் படிக்க வேண்டும். அடுத்தது என் அண்ணனைப் பற்றியது, அதை நாளைக்குக் காலையில் வெளிச்சம் வந்த பிறகு படிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.