வார நாள் மதியம் போய்ப் பாருங்கள்

ஓவியர்கள் தாங்களே வாடகையைப் பங்கு போட்டு நடத்தும் சின்ன காலரி உங்கள் பகுதியில் இருந்தால், தொடக்க விழாவோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வார நாள் மதியம் போய்ப் பாருங்கள். சாவியோடு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்தவராக இருக்க மாட்டார். அவரும் ஓவியர்தான், இன்று அவர் முறை, தான் வரைந்திருக்க வேண்டிய நாலு மணி நேரத்தை இன்னொருவரின் படத்துக்குக் காவலாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியே சுவரையும் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் சின்னச் சின்ன மேடு தெரியும். போன கண்காட்சியின் ஆணி ஓட்டைகளைப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோட்டிங் வெள்ளை அடித்த தடம் அது. ஒவ்வொரு முறையும் இதே வேலை, பெரும்பாலும் ராத்திரியில்.

வணிக காலரிகளை நான் குறை சொல்லவில்லை. விற்ற விலையில் பாதி வரை எடுத்துக்கொண்டுதான் அவர்கள் வாடகையும் சம்பளமும் கட்டுகிறார்கள், அதனால் விற்கிற படத்தைத்தான் மாட்ட முடியும். ஆனால் ஒரு ஓவியர் சொதப்பிப் பார்க்கவும் ஒரு சுவர் வேண்டுமே? யாரும் தராதபோது அவர்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். 1972ல் நியூயார்க்கில் 20 பெண் கலைஞர்கள் சேர்ந்து ஏ.ஐ.ஆர். காலரியைத் தொடங்கினார்கள், பெண்களின் படைப்புகளுக்கு அன்று காலரிகளில் அவ்வளவு குறைவாகத்தான் இடம் இருந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும், அக்கறையில்தான். ஐந்தாறு வருடம் அதே நாலு பேர் கையில் சாவி இருந்தால் அந்த நாலு பேர் களைத்துப் போவார்கள், அப்புறம் சுவரில் அவர்கள் நண்பர்களின் படங்களே திரும்பத் திரும்ப வரும், தெருவில் போகிறவர் வாசலில் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். கிளாஸ்கோவில் 1983ல் தொடங்கிய டிரான்ஸ்மிஷன் காலரி இதற்கு ஒரு வழி வைத்தது: நடத்தும் குழுவில் ஒருவர் இரண்டு வருடம்வரை இருக்கலாம், பிறகு அடுத்தவர். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்பேன்.

போன தடவை நான் போனபோது படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன்" என்றார் ஏணியில் நின்றவர். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் என் பக்கம் நகக்கண் அளவு இறங்கியிருந்தது. மூன்று தடவை கழற்றி மாட்டினோம். யார் படம் என்று கேட்டேன். அவருடையது இல்லை.