ஹேண்டுக்கு ஹேண்ட் ஆள் மாறினால் எங்கிருந்து வரும் எட்ஜ்?

"ஃபாஸ்ட் டேபிளில் எட்ஜ் எடுப்பது எப்படி" என்று இன்றைக்கும் ஒரு ஆன்லைன் போக்கர் வீடியோ வந்து விழுந்தது. எட்ஜ் என்றால் எதிராளியைவிட நமக்கு இருக்கும் கூடுதல் சாதகம். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. இரண்டு வருஷம் அந்த டேபிளில் ராத்தூக்கம் தொலைத்தவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறார்கள்.

ஆடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆன்லைன் போக்கரில் ஆறு பேர் ஒரே டேபிளில் உட்கார்ந்திருப்போம். ஃபாஸ்ட் டேபிளில் ஃபோல்டு, அதாவது இந்தச் சீட்டு வேண்டாம் என்று விலகும் பொத்தானை அழுத்திய மறுநொடி, வேறு ஐந்து பேருக்கு நடுவே புதுச் சீட்டோடு உட்கார வைத்துவிடுவார்கள். ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்ட். மணிக்கு அறுபது எழுபது ஹேண்ட் ஆடிய இடத்தில் இருநூறைத் தாண்டும்.

போக்கரில் சீட்டு பாதி, எதிராளி பாதி. ஹாஸ்டலில் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். அதில் ஒருவன், கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயத்தை ஏற்றும்போது மட்டும் தன் சீட்டை எடுத்து எடுத்துப் பார்ப்பான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. அப்புறம் அவன் கொட்டை முழுக்க என் பக்கம். அதுதான் எட்ஜ். ஆன்லைனில் முகம் தெரியாது, சரி. ஆனாலும் ஒரே ஆளோடு ஐம்பது ஹேண்ட் ஆடினால், இவன் எதற்கும் ஃபோல்டு பண்ணமாட்டான், அவன் ரெய்ஸ் பண்ணி பந்தயத்தை ஏற்றினால் நிஜமாகவே சீட்டு இருக்கும் என்று பிடிபட்டுவிடும். ஃபாஸ்ட் டேபிளில் அந்த ஐம்பதைத்தான் பிடுங்கிவிட்டார்கள்.

ஒரு ராத்திரி கையில் ராணி ஜோடி வந்தது. எல்லோருக்கும் பொதுவாகக் கீழே விரிக்கும் சீட்டில் பத்து, ஏழு, மூன்று. நான் ஏற்ற, ஒருவன் மட்டும் கூடவே வந்தான். கடைசிப் பொதுச் சீட்டு கிங். உடனே இருந்ததையெல்லாம் உள்ளே தள்ளினான். பெயரைப் பார்க்கிறேன், எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. பன்னிரண்டு நொடி ஓடுகிறது. இவன் பயந்தவனா, பொய்க்காரனா? கால் பண்ணினேன், அவன் வைத்த அளவு நானும் வைத்தேன். அவனிடம் கிங் இருந்தது. தோற்றதைக்கூட விடுங்கள். எதை நம்பி கால் பண்ணினேன் என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு காரணம் இல்லை. அதுதான் ஆறவில்லை.

"நல்ல சீட்டுக்குக் காத்திரு" என்கிறான் வீடியோக்காரன். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஹேண்டுக்கு ஒருமுறை வரும். எனக்கு மட்டுமா, எல்லோருக்கும்தான். ஃபோல்டு பண்ணினால் உடனே அடுத்த சீட்டு என்பதால் எல்லோருமே காத்திருக்கிறார்கள். அப்புறம் "பிளைண்டைத் திருடு" என்கிறான். பிளைண்ட் என்பது சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்; ஏற்றிப் பயமுறுத்தி அதை அள்ளச் சொல்கிறான். அது கொஞ்ச நாள் எடுபடும். அதே வீடியோவை எதிரில் இருப்பவனும் பார்த்திருப்பான்.

எதிரில் இருப்பது ஆள்தானா என்பதே தெரியாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற நிரல், 2019இல் ஆறு பேர் டேபிளில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களையே ஜெயித்தது. அதைப் பயிற்றுவிக்க ஆன கணினிச் செலவு 150 டாலர்கூட இல்லை. கைபேசியும் தூக்கக் கலக்கமுமாக உட்கார்ந்திருக்கும் நான் எந்த மூலைக்கு? யார் ஜெயித்தாலும் டேபிளில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ரேக் என்று கமிஷன் எடுக்கிற கம்பெனிக்கு மட்டும், ஹேண்ட் கூடக் கூட வரவு கூடிக்கொண்டே போகும்.

என்னை உண்மையாகக் கொதிக்க வைப்பது இதுதான். நீதிமன்றத்தில் இந்தத் தொழில் சொன்னது "திறமை". 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடை அவற்றுக்குச் செல்லாது என்றது. அங்கே திறமை என்று வாதாடிவிட்டு, இங்கே எதிராளியைப் படிக்கவே முடியாதபடி டேபிளை அமைத்தால் அது என்ன நியாயம்?

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடு முழுக்கத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. நான் ஆடிய ஆப்பும் கடையைச் சாத்தியது. இப்போது முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் வருகிறது. அதிலும் முதல் வரியே "ஃபாஸ்ட் டேபிள், திறமைக்குச் சவால்". மூன்று எண்ணைத் தடுத்துவிட்டேன், நேற்று நாலாவது வந்தது.