ஏப்ரல் 1-க்கும் 1582-க்கும் சம்பந்தம் இல்லை

அந்தப் படத்தை மறுபடியும் எனக்கே அனுப்புகிறீர்கள். போப் கிரிகோரி 1582-இல் புத்தாண்டை ஏப்ரல் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார், மாறாதவர்களை முட்டாள்கள் என்று கேலி செய்தார்கள், அப்படித்தான் ஏப்ரல் முட்டாள்கள் தினம் பிறந்தது என்ற அதே படம். கமெண்ட்டில் தேதிகளைச் சொன்னதற்கு "படிச்ச திமிர்" என்று பதில் வந்தது, அதற்கு இருபது லைக் வேறு. வலிக்கிறது. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

1582-இல் போப் செய்தது நாட்களை வெட்டியதுதான். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. பத்து நாட்கள் போயின. கூடவே லீப் கணக்கும் திருந்தியது: நூற்றாண்டு வருடங்களில் 400-ஆல் வகுபடுபவை மட்டும் லீப். பிரான்சில் புத்தாண்டை ஜனவரி 1-க்குக் கொண்டுவந்தவர் மன்னர் ஒன்பதாம் சார்லஸ், 1564-இன் ரூசியோன் ஆணையில். பதினெட்டு வருடம் முன்னாலேயே முடிந்துபோன வேலை அது. இந்த இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் கதையே பிறக்கிறது.

சரி, 1564-க்கு முன்னால் அங்கே ஏப்ரல் 1-ஆ புத்தாண்டு? இல்லை. அரசு ஆவணங்களில் ஆண்டு ஈஸ்டரில் பிறந்தது. ஈஸ்டரோ மார்ச் 22-இலிருந்து ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வரும்.

"மார்ச் 25-இல் தொடங்கும் எட்டு நாள் புத்தாண்டுக் கொண்டாட்டம் ஏப்ரல் 1-இல்தானே முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மார்ச் 25-ஐ ஆண்டின் முதல் நாளாக வைத்திருந்த நாடு இங்கிலாந்து. அது ஜனவரி 1-க்கு மாறியது 1752-இல். ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஆப்ரி 1686-லேயே ஏப்ரல் 1 முட்டாள்கள் தினத்தைக் குறித்து வைத்திருக்கிறார். 1698-இல் சிங்கங்களைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கலாம் என்று நம்பி லண்டன் கோபுரத்துக்குப் போய் ஏமாந்தவர்களின் செய்தி மறுநாளே அச்சில் வந்தது. மாறாதவர்களைக் கேலி செய்ய அப்போது அங்கே மாற்றமே நடக்கவில்லை. தேதியைப் பாருங்கள், அதைத்தான் கேட்கிறேன்.

இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிரூஜ் நகரத்துக் கவிஞர் எடுவார்ட் டி டேனே 1561-இல் எழுதிய கவிதை. ஒரு பிரபு விருந்து ஏற்பாடு என்று சொல்லித் தன் வேலைக்காரனை ஏப்ரல் 1 அன்று வெட்டி வேலைகளுக்கு அங்கும் இங்கும் அலையவிடுகிறான். தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அவனுக்கே சந்தேகம் வருகிறது. 1561. ரூசியோன் ஆணைக்கு மூன்று வருடம் முன்பு, போப்பின் ஆணைக்கு இருபத்தொரு வருடம் முன்பு.

"நம் சித்திரைப் புத்தாண்டைக் கேலி செய்ய வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்பவர்களுக்கும் இதே கவிதைதான் பதில். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசியின் சாசனம் கிடைத்ததே 1600-இல். சித்திரை நம்முடையது. அதன் பெருமைக்கு ஒரு பொய்யை முட்டுக் கொடுக்காதீர்கள். என்னைத் தமிழ் விரோதி என்று சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

"பிறகு எப்படித்தான் தொடங்கியது?" உறுதியான தொடக்கம் என்று எதையும் ஆய்வாளர்கள் நிறுவவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள். 1983-இல் பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பாஸ்கின், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு விதூஷகனை ஒருநாள் அரசனாக்கினார் என்று அசோசியேட்டட் பிரஸ் நிருபரிடம் சொன்னார். முழுக் கட்டுக்கதை. பல பத்திரிகைகள் அதை அப்படியே அச்சிட்டன. பிறகு அந்தச் செய்தி நிறுவனமே திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

இது வெறும் ஜோக், விட்டுவிடு என்கிறீர்கள். ஏமாற்று விளையாட்டை யார் வேண்டாம் என்றது? தாராளமாக விளையாடுங்கள். வரலாறு என்று தலைப்புப் போட்டு வருவதைத்தான் என்னால் விட முடியவில்லை. திமிர் என்றே சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் படம் வரும் ஒவ்வொரு இடத்திலும் 1561, 1564, 1582 மூன்றையும் கீழே எழுதத்தான் போகிறேன்.